மனநோய்க்குச் சதவீதம் போடப்படும் விதம்: தம்பியின் சான்றிதழ் புதுப்பிப்பில் நாங்கள் தெரிந்துகொண்டவை

மனச்சிதைவு நோயோடு பத்தாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் என் தம்பிக்கு வழங்கப்பட்டிருந்த தற்காலிக மாற்றுத்திறனாளி சான்றிதழ் காலாவதியானபோது, பழைய சான்றிதழைக் காட்டினால் புதியது தந்துவிடுவார்கள் என்றுதான் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அப்படி நடக்கவில்லை. மறுமதிப்பீட்டில் அவனுடைய பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறைவு என்று எழுதப்பட்டது. அதனால் வருவாய்த் துறை வழியாக அவன் கணக்குக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்த 1,500 ரூபாய் நின்றுபோனது. மேல்முறையீடு செய்த பிறகு சான்றிதழும் தொகையும் திரும்பக் கிடைத்தன. இடைப்பட்ட மாதங்களில் சட்டத்தையும் விதிகளையும் மதிப்பீட்டு முறையையும் நானே தேடிப் படிக்க வேண்டியிருந்தது. எங்களைப் போன்ற குடும்பங்கள் ஒவ்வொன்றும் இதை முதலிலிருந்து தேட வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அளவுகோலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. மனநோயால் ஏற்படும் பாதிப்பை அளக்க இந்தியாவில் பயன்படுவது ‘ஐடியாஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அளவுகோல். இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய இதை, 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு அரசிதழில் வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல்களும் ஏற்றுக்கொண்டன. தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் பாதிப்பே இல்லை என்றால் 0, மிகக் கடுமை என்றால் 4. இவற்றோடு நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு: இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவானால் 1, பத்தாண்டுகளைத் தாண்டினால் 4. ஆக மொத்தம் 20. ஆறு வரை வந்தால் 40 சதவீதத்துக்குக் கீழ்; ஏழு முதல் பதின்மூன்று வரை 40 முதல் 70 சதவீதம்; அதற்கு மேல் கடும் பாதிப்பு. ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இருக்கும் அந்த ஒரு மதிப்பெண்ணில்தான் உதவித்தொகையும் இடஒதுக்கீடும் மற்ற சலுகைகளும் தீர்மானமாகின்றன.

மறுமதிப்பீட்டு முகாமுக்குப் போன நாளில் தம்பி நன்றாகவே இருந்தான். முதல் நாள் இரவு தூங்கியிருந்தான், அம்மா தேய்த்து வைத்த சட்டையைப் போட்டிருந்தான், வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். மருத்துவர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார்.

“நீங்களே குளிச்சுக்குவீங்களா?”

“குளிப்பேன் சார்.”

“சாப்பாடு?”

“நானே சாப்பிடுவேன் சார்.”

“வீட்டுல யாருக்காவது உதவி பண்ணுவீங்களா?”

“அம்மாவுக்குக் கடைக்குப் போவேன் சார். பால் வாங்கிட்டு வருவேன்.”

“சத்தம் ஏதும் காதுல கேக்குதா?”

“இப்ப இல்ல சார்.”

அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. நான் பேச வாயெடுத்தபோது, “அவரே நல்லா சொல்றாரேம்மா” என்று மருத்துவர் சிரித்தார். வெளியே வரிசை கதவைத் தாண்டி நின்றது. அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

தம்பி குளிப்பது எப்படி என்று இங்கே சொல்கிறேன். அம்மா வெந்நீர் வைத்து வாளியில் விளாவி, துண்டைக் குளியலறைக் கதவில் போட்டு, “குளிக்க வாப்பா” என்று கூப்பிடுவார். வருவதாகச் சொல்லிவிட்டுத் திண்ணையிலேயே இருப்பான். மறுபடி கூப்பிட்டால் எழுந்து வருவான். உள்ளே போய்க் கையில் குவளையோடு நின்றுவிடுவான். வெளியிலிருந்து “ஊத்திக்க”, “சோப்புப் போடு”, “தலைக்கு ஊத்து” என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அம்மா ஒரு வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்து, நானும் அலுவலகக் கணக்கு முடிக்கும் வேலையில் தாமதமாக வந்துகொண்டிருந்தபோது, பிரித்து வைத்த சோப்பு உலர்ந்து அப்படியே இருந்தது. பால் வாங்கி வருவதும் இப்படித்தான். கடைக்காரர் இருபது ஆண்டுப் பழக்கம். அவன் எதுவும் கேட்காமலேயே பால் பாக்கெட்டையும் மீதிச் சில்லறையையும் பையில் போட்டு அனுப்புவார். கடை மூடியிருந்தால் அவன் வேறு கடைக்குப் போக மாட்டான். அது திறக்கும்வரை அங்கேயே நிற்பான்.

இந்த மதிப்பீட்டு முறையின் பெரிய அநீதி இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒருவர் உதவியோடு செய்வதை அவர் தானாகச் செய்வதாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால், எந்தக் குடும்பம் அக்கறையோடு பார்த்துக்கொள்கிறதோ அந்தக் குடும்பத்தின் நோயாளிக்குத்தான் மதிப்பெண் குறையும். கால் இழந்தவரிடம், சக்கர நாற்காலியில் வந்துவிட்டீர்களே, உங்களுக்குப் பாதிப்பு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் தாயின் குரலைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடத்தும் ஒருவரிடம் அதைத்தான் சொல்கிறோம். அளவுகோலை உருவாக்கியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். உடன் வாழ்பவரிடமும் விசாரித்தே மதிப்பெண் போட வேண்டும் என்பது அதன் அடிப்படை. முகாம் நெரிசலில் முதலில் கைவிடப்படுவது அந்த விசாரணைதான். அந்த மருத்துவர் மீது எனக்குக் கோபமில்லை. ஓரிரு நிமிடங்களில் ஒருவரது பத்தாண்டு வாழ்க்கையை அளக்கச் சொல்லும் ஏற்பாட்டின் மீதுதான் கோபம்.

மதிப்பெண் தாளின் நகலைப் பிறகு பார்த்தபோது, தன்னைப் பேணுதலுக்கு 0, பழகுதலுக்கு 1, பேச்சுக்கு 0, வேலைக்கு 1, நோய்க் காலத்துக்கு 4 என்று இருந்தது. கூட்டினால் ஆறு.

அந்த நாட்களில் எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். “அடுத்த தடவை கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் மாத்திரைய நிறுத்திடுங்க, அப்பத்தான் டாக்டருக்குத் தெரியும்” என்று, நல்லெண்ணத்தோடுதான், இரண்டு குடும்பத்தினர் சொன்னார்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பலாம். திரும்பிய நோய் மறுபடி மருந்துக்கு எளிதில் கட்டுப்படும் என்பதற்கு உறுதியில்லை. தற்கொலை அபாயமும் கூடுகிறது. ஒரு சான்றிதழுக்காக ஒரு மனிதரை அந்த விளிம்புக்கு அழைத்துப் போகலாம் என்று நல்லவர்களையே நினைக்க வைக்கிறது என்றால், அந்த மதிப்பீட்டு முறையில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்றுதான் பொருள். அதேபோல, “தெரியலன்னு சொல்லு, முடியலன்னு சொல்லு” என்று நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பதும் வேண்டாம். தன்னால் முடிந்ததைப் பெருமையோடு சொல்லும் ஒருவரிடமிருந்து அந்தப் பெருமையைப் பிடுங்குவது கொடுமை. அவர் தன்னைப் பற்றிச் சொல்லட்டும். நாம் பார்ப்பதை நாம் சொல்வோம்.

அதற்காக ஒரு நோட்டு போட்டேன். நான்கு பகுதிகளையும் தலைப்பாக எழுதி, அன்றன்று நடந்ததை இரண்டு வரியில் குறித்தேன். ‘சிரமப்படுகிறான்’ என்பது போன்ற பொதுவான சொற்களால் பயனில்லை. எத்தனை முறை நினைவூட்டிய பிறகு பல் தேய்த்தான், வீட்டுக்கு வந்த மாமாவிடம் பேசினானா அல்லது அறைக்குள் போய்விட்டானா, மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தது யார், தொலைக்காட்சியில் பேசுபவர் தன்னைத்தான் சொல்கிறார் என்று எந்த நாளில் சொன்னான் என்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். நல்ல நாட்களையும் எழுத வேண்டும். அவன் தானாக எழுந்து கோலப்பொடி டப்பாவை அம்மாவிடம் எடுத்துக் கொடுத்த நாளும் என் நோட்டில் இருக்கிறது. நல்ல நாட்களை மறைக்காத குறிப்பைத்தான் மருத்துவர் நம்பிப் படிக்கிறார் என்பதை மேல்முறையீட்டில் நேரில் பார்த்தேன்.

பழைய காகிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோய்க் காலத்துக்கு நான்கு மதிப்பெண் கிடைக்க, நோய் தொடங்கிய ஆண்டுக்குச் சான்று தேவை. தம்பியை முதன்முதலாக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோன நாளின் ஓ.பி. சீட்டை அம்மா ஒரு துணிக்கடை மஞ்சள் பையில், ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருந்தார். மடிப்புகள் கிழிந்து, மை மங்கியிருந்தாலும் தேதி முத்திரை தெளிவாக இருந்தது. அது இல்லாவிட்டால் தனியார் மருத்துவர் எழுதித் தந்த சீட்டுகளிலிருந்து அண்மைய ஐந்தாறு ஆண்டுகளை மட்டுமே காட்ட முடிந்திருக்கும். ஒரு மதிப்பெண் அங்கேயே போயிருக்கும். உள்நோயாளியாக இருந்தபோது தரும் வெளியேற்றச் சுருக்கம், மருந்து மாற்றிய சீட்டுகள், மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக மாதாமாதம் மருந்து வாங்கிய பதிவேடு ஆகிய அனைத்தையும் ஆண்டு வாரியாக அடுக்கி நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டுகள் தொலைந்துபோயிருந்தால், தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்கு மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 25-ஆம் பிரிவு தருகிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

எழுத்தில் கேட்பதை நான் எதிலும் தள்ளிப்போடுவதில்லை. கணக்கு எழுதும் தொழில் அதைப் பழக்கியிருக்கிறது. அரசு அலுவலகங்களில் எங்களுக்கு உதவியதும் அதுவே. சான்றிதழ் மறுக்கப்பட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. எங்களிடம் முதலில் வாய்மொழியாகத்தான் சொன்னார்கள். காரணத்தையும் மதிப்பெண் தாளின் நகலையும் கேட்டுக் கடிதம் கொடுத்து, அதன் இரண்டாம் படியில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொண்டேன். கடிதத்துக்குப் பதில் வராதவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தாள் கைக்கு வந்த பிறகுதான் எந்த இடத்தில் எந்த மதிப்பெண் தவறு என்று பேச முடிந்தது. அதுவரை “சார், அவனுக்கு நிஜமாவே முடியாது சார்” என்று கெஞ்ச மட்டுமே எங்களால் முடிந்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, சான்றிதழ் குறித்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தருகிறது. மேல்முறையீட்டு அதிகாரி யார் என்பதை மாநில அரசு நியமிக்கிறது. உங்கள் பகுதிக்கு யார் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் மனுவில் வாழ்க்கைக் கதையை எழுதவில்லை. நான்கு பகுதிகளுக்கும் தனித்தனிப் பத்தி, ஒவ்வொன்றிலும் கொடுக்கப்பட்ட மதிப்பெண், அது ஏன் பொருந்தாது என்பதற்கு நோட்டிலிருந்து மூன்று நான்கு நிகழ்வுகள், தொடர்ந்து சிகிச்சை அளிக்கும் மனநல மருத்துவரின் கடிதம் ஆகியவற்றோடு, உடன் வாழ்பவரைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்த்தோம். தனியாக என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. தம்பியின் முன்னால் உட்கார்ந்து, இவனுக்கு இது தெரியாது, அது முடியாது என்று அடுக்க அம்மாவால் முடியாது. எந்தத் தாயாலும் முடியாது.

இரண்டாம் மதிப்பீட்டில் மூத்த மனநல மருத்துவர் ஒருவர் தம்பியிடம் பேசிவிட்டு, அவனை வெளியே அமரச் சொல்லி, அம்மாவிடம், “நீங்க ஒரு நாள் வீட்டுல இல்லன்னா என்னம்மா ஆகும்?” என்று கேட்டார். முதல் மதிப்பீட்டில் கேட்கப்படாத கேள்வி அது ஒன்றுதான். அம்மா சோப்பைப் பற்றிச் சொன்னார், பால் கடையைப் பற்றிச் சொன்னார், இரவில் அவன் நடக்கும் சத்தம் கேட்டுத் தான் விழித்திருப்பதைப் பற்றிச் சொன்னார். பேணுதலுக்கு 2, பழகுதலுக்கு 2, பேச்சுக்கு 1, வேலைக்கு 2 என்று மாறியது. நோய்க் காலத்தோடு சேர்த்துப் பதினொன்று. சான்றிதழில் 60 சதவீதம் என்று எழுதினார்கள். தம்பி மாறவில்லை, விதி மாறவில்லை. கேட்ட கேள்வி மாறியது, ஆறு பதினொன்றானது.

விதிகள் மாறுவதைப் பற்றியும் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட ஏழு வகைக் குறைபாடுகளில் மனநோயும் இருந்தது, ஆனால் அரசு வேலைக்கான மூன்று சதவீத ஒதுக்கீட்டில் அதற்கு இடமில்லை. 2016 சட்டம் வகைகளை 21 ஆக்கி, ஒதுக்கீட்டை நான்கு சதவீதமாக்கி, அதில் ஒரு சதவீதத்தைப் புற உலகச் சிந்தனையற்றோர் (ஆட்டிசம்), அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றுக்கும் பல்வகைக் குறைபாட்டுக்கும் பொதுவாக வைத்தது. இது உண்மையான முன்னேற்றம். உதவித்தொகையிலோ தகுதிக் கோடு திட்டத்துக்குத் திட்டம் வேறுபடுகிறது. தமிழகத்தின் வருவாய்த் துறை ஓய்வூதியத்துக்கு 40 சதவீதம் போதும். ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 சதவீதமும் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம் என்பதும் வேண்டும், தொகை 300 ரூபாய்தான். வருமான வரிக் கழிவுக்கு 40 சதவீதம் ஒரு படி, 80 சதவீதம் அதற்கு அடுத்த படி. தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் மனநோயாளிகளுக்கு எத்தனை சதவீதம் இருந்தாலும் இடமில்லை, ஏனென்றால் தேசிய அறக்கட்டளைச் சட்டம் நான்கு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்கிறது.

2024-இல் ஆட்சிப்பணிப் பயிற்சி அதிகாரி ஒருவர் முறைகேடாகச் சான்றிதழ் பெற்றதாகக் குற்றச்சாட்டு எழுந்து நாடெங்கும் பேசப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டபோது, சான்றிதழ் வழங்குவதற்கான கால வரம்பு ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீண்டது. போலிகளைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒவ்வொரு போலிச் சான்றிதழும் என் தம்பியின் இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் சந்தேகத்தின் சுமையை முழுவதும் உண்மையான நோயாளியின் தோளில் ஏற்றக் கூடாது. தொகை உயரும் இடங்களில் சோதனையும் கடுமையாகிறது. ஆந்திரத்தில் 2024-இல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6,000 ரூபாயாக உயர்ந்தது. அடுத்த ஆண்டே பெருமளவில் மறுபரிசோதனை நடந்து, 40 சதவீதத்துக்குக் கீழே வந்தவர்களுக்கு நிறுத்த நோட்டீஸ் போனது. தமிழகத்திலும் அந்த அளவு தொகை கேட்டு மாற்றுத்திறனாளி அமைப்புகள் போராடிவருகின்றன, கேட்பது நியாயம்தான். மற்ற பயனாளிகளுக்குத் தருவதைவிட 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது 2016 சட்டம். 2023-இல் முதியோருக்கு 1,200 என்று ஆனபோது மாற்றுத்திறனாளிக்கு இருந்த 1,500 சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தை மட்டுமே தொட்டது. தொகையை உயர்த்தக் கேட்கும் அதே குரலில், மேல்முறையீடு முடியும்வரை தொகையை நிறுத்தக் கூடாது என்பதையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. எங்களுக்கு நின்றுபோன மாதங்களில் அம்மா தன் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கிக்கொண்டதை நான் வெகு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

சான்றிதழ் கிடைத்த உடனே பணம் வந்துவிடாது. புதிய சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யூடிஐடி அட்டையில் ஏறியிருக்கிறதா என்று இணையத்தில் பார்க்க வேண்டும். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில், நிறுத்தப்பட்ட ஓய்வூதியத்தை மீண்டும் வழங்கக் கோரி மேல்முறையீட்டு ஆணையின் நகலோடு மனுக் கொடுக்க வேண்டும். புது விண்ணப்பமாகப் போடச் சொன்னால், பழைய ஓய்வூதிய ஆணை எண்ணைக் காட்டி மீளமைக்கக் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும் நாளில் வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் வந்து பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுப் போனால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

இந்த முறையும் எங்களுக்குக் கிடைத்திருப்பது தற்காலிகச் சான்றிதழ்தான். பாதிப்பு மாற வாய்ப்பில்லை என்றால் நிரந்தரச் சான்றிதழ் தரலாம் என்று விதி அனுமதிக்கிறது. பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து சிகிச்சையில் இருப்பவருக்கு அதைத் தர வேண்டும் என்று காரணங்களோடு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. வராமலே போனாலும், காலாவதித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கும்படி நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். விதி மூன்று மாதம் என்று சொன்னாலும், மதிப்பீட்டு நாள் கிடைப்பதற்கும் ஏதேனும் தவறானால் மேல்முறையீடு செய்வதற்கும் சேர்த்து அவ்வளவு காலம் தேவைப்படும். நோட்டில் எழுதுவதையும் நிறுத்தவில்லை. நான் அலுவலகத்தில் இருக்கும் நாட்களில் அம்மா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண் எழுதிவைக்கிறாள்.